ஓவர்லே: ‘அடுக்குப் பிசகு’ சரிவருமா?

வணக்கம்.

> ஓவர்லே – மேலடுக்கு
> ஓவர்லே எரர் – மேலடுக்குப் பிழை

நானோ இம்ப்ரின்ட் கருவிகளுக்கான (சிப்பின் நுண் வடிவங்களை அச்சால் அழுத்திப் பதிக்கும் கருவிகள்) சொற்பட்டியலில் இந்த இரண்டையும் மாற்றியாக வேண்டும். மேலடுக்கு என்றால் மேலே கிடக்கும் படலம்தான் மனத்தில் வரும். ‘மேலடுக்குப் பிழை’ என்று படிப்பவர், படலத்தில் ஓட்டை விழுந்திருக்கிறது, தடிமன் கூடிக் குறைந்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்வார். ஓவர்லே அது அல்ல. கீழே ஏற்கெனவே பதிந்திருக்கும் வடிவத்தின் மேல் புது வடிவம் எத்தனை நானோமீட்டர் தள்ளி உட்கார்ந்தது என்ற கணக்கு அது. நாலு கலர் ஆஃப்செட்டில் நீலத் தகடும் மஞ்சள் தகடும் சரியாக உட்காராவிட்டால் படத்தின் விளிம்பில் வண்ணம் பிதுங்கித் தெரியும். ‘ரிஜிஸ்டர் அவுட்’ என்பார்கள். அதே சங்கதிதான், பல்லாயிரம் மடங்கு நுண்ணிய அளவில்.

என் முன்மொழிவு: அடுக்குப் பிசகு. கால் பிசகிவிட்டது என்கிறோம். எலும்பு உடையவில்லை, இருக்க வேண்டிய இடத்திலிருந்து கொஞ்சம் விலகியிருக்கிறது. ஓவர்லே எரர் சொல்வதும் அவ்வளவுதான். இன்னொரு வசதி, பிசகு என்ற சொல் காரணத்தைச் சொல்வதில்லை. இந்தக் கருவியில் அது முக்கியம், ஏனென்றால் சூட்டால் வரும் விலகலும் அசைவால் வரும் விலகலும் கடைசியில் ஒரே எண்ணாகத்தான் அளவீட்டில் வந்து நிற்கும்.

கேனான் 2023 அக்டோபரில் அறிவித்த எஃப்.பி.ஏ-1200 என்.இசட்.2.சி வகைக் கருவியை எடுத்துக்கொள்வோம். குறைந்தபட்சக் கோட்டு அகலம் 14 நானோமீட்டர். இங்கே லென்ஸ் வழியே பிம்பம் விழுவதில்லை. வேஃபரின் (சிப் செய்யும் சிலிக்கன் வட்டத் தகடு) மேல் ரெசிஸ்ட் என்ற, ஒளி பட்டால் உறையும் திரவத்தை இங்க்ஜெட் போலத் துளித்துளியாக வைத்து, குவார்ட்ஸ் அச்சை அதில் அழுத்தி, புற ஊதா ஒளியால் உறைய வைத்து, அச்சைப் பிரித்தெடுக்கிறார்கள். ஒரு பதிப்புக்கு 26×33 மில்லிமீட்டர் பரப்பு.

சிலிக்கன் ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 2.6 பங்கு விரியும். உருக்கிய குவார்ட்ஸ் சுமார் 0.55 பங்குதான். ஆகவே வேஃபரும் அச்சும் சேர்ந்தே ஒரு டிகிரி சூடானாலும் 33 மில்லிமீட்டர் நீளத்தில் கிட்டத்தட்ட 68 நானோமீட்டர் வித்தியாசம் வந்துவிடும். பொறுத்துக்கொள்ளக்கூடிய விலகல் சில நானோமீட்டர்தான். அப்படியானால் டிகிரியில் நூறில் ஒரு பங்கு அளவுக்கு வெப்பநிலையைக் கட்டிப்போட வேண்டும்.

அடுத்து அசைவு. வேஃபரைத் தாங்கி நகரும் மேடையை ஓட்டும் லீனியர் மோட்டாரின் கம்பிச்சுருளில் முடுக்கத்தின் இருமடிக்கு ஏற்ப வெப்பம் பிறக்கும். வேகம் வேண்டுமென்று முடுக்கத்தை இரட்டித்தால் வெப்பம் நாலு மடங்கு. அந்தச் சூடு காற்றில் கலந்து, மேடையின் இடத்தை ஒளியால் அளக்கும் லேசர் இன்டர்ஃபெரோமீட்டரின் பாதைக்கு வந்தால், காற்றின் ஒளிவிலகல் எண் டிகிரிக்குப் பத்து லட்சத்தில் ஒரு பங்கு குறையும். 300 மில்லிமீட்டர் பாதையில் அது சுமார் 0.3 மைக்ரான். மேடை அசையவே இல்லை, ஆனால் அசைந்ததாகக் கருவி நம்பும்.

ஹீலியம் இன்னும் மோசம். அச்சுக்கும் ரெசிஸ்ட்டுக்கும் நடுவே குமிழி சிக்காதிருக்க அந்த இடத்தில் ஹீலியத்தைப் பாய்ச்சுவார்கள். குவார்ட்ஸுக்குள்ளேயே ஊடுருவி ஓடிப்போகும் வாயு அது. அதன் ஒளிவிலகல் காற்றைவிட மிகக் குறைவு. ஒளிப்பாதையில் ஒரே ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்குக் காற்றுக்குப் பதில் ஹீலியம் நின்றாலும் 235 நானோமீட்டர் பொய்க்கணக்கு வரும். ஹீலியம் வால்வு திறக்கும்போது மட்டும், அதுவும் ஒளிக்கற்றையின் திசையில் மட்டும் அளவு குதித்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். நுண் அளவுகோலின் கோடுகளைப் படித்து இடத்தைச் சொல்லும் என்கோடர், அதில் ஒளி காற்றில் கடக்கும் தூரம் குறைவு என்பதால், இந்த இடத்துக்கு நல்லது என்பதற்கும் இதுவே காரணம்.

இதில் எதை ‘வெப்பப் பிழை’ என்பது, எதை ‘அசைவுப் பிழை’ என்பது? பிசகு என்று விட்டுவிடுவதே நேர்மை.

~

மறுமொழி:

ஐயா, வணக்கம். ‘மேலடுக்கு’ போகட்டும், சம்மதம். ஆனால் பிசகு என்றால் ஆள் செய்த கவனக்குறைவு என்ற வாடையும் இருக்கிறது. கணக்குப் பிசகு என்கிறோமே. இன்னொன்று, ஓவர்லே நன்றாக இருக்கிறது என்று சொல்ல வேண்டிய இடத்தில் என்ன செய்வது? ‘பிசகு நன்றாக இருக்கிறது’ என்று எழுத முடியாது. ‘அடுக்கிசைவு’ என்று வைத்தால் நல்லதையும் சொல்லலாம், கெட்டதையும் சொல்லலாம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இந்தக் கருவியிலேயே வேண்டுமென்று வேஃபரைச் சூடாக்கும் ஏற்பாடு இருக்கிறதே, அந்த விரிவும் பிசகா?

~

மறுமொழி:

அம்மா, அடுக்கிசைவு அழகாக இருக்கிறது. அதை எடுத்துக்கொள்வோம். தன்மையைச் சொல்ல அடுக்கிசைவு. நானோமீட்டரில் அளந்து எழுதும் எண்ணைச் சொல்ல அடுக்குப் பிசகு. ஆங்கிலத்தில் ஒரே சொல் இரண்டு வேலையையும் செய்வதால்தான் இந்தக் குழப்பமே. கவனக்குறைவு வாடை பற்றிச் சொன்னது உண்மைதான். ‘அடுக்கு’ முன்னால் நின்றால் அது அடங்கிவிடும் என்று நம்புகிறேன். பிசகு என்று தனியே பட்டியலில் போட வேண்டாம்.

வேண்டுமென்று சூடாக்குவது பற்றி. அச்சு ரெசிஸ்ட்டைத் தொட்டபின், உறைவதற்கு முன்னால் நடக்கும் வேலை அது. அச்சிலும் வேஃபரிலும் உள்ள குறிகளை முவாரே பட்டைகளாகப் பார்க்கிறார்கள். இரண்டு கொசுவலையை ஒன்றின்மேல் ஒன்று போட்டால் அகலமான அலை தெரியுமே, அதுதான். ஒரு குறியின் கோட்டு இடைவெளி 1 மைக்ரான், மற்றதில் 1.05 என்றால் 1 நானோமீட்டர் விலகல் பட்டையில் ஏறக்குறைய 20 நானோமீட்டராகப் பெருகும். அதைப் பார்த்து மேடையை நகர்த்தித் திருப்பலாம். அச்சின் நாலு பக்கமும் நெருக்கி அளவைச் சரிசெய்யலாம். நெருக்கித் தீராத கோணல்மாணல் விலகலுக்குத்தான் சூடு: ஏராளமான நுண்கண்ணாடிகளால் ஒளியை வடிவமைத்து, வேஃபரின் வேண்டிய இடத்தை மட்டும் விரிய வைக்கிறார்கள்.

இதில் நேரம் கறார். 775 மைக்ரான் தடிமனுள்ள வேஃபரின் அடிவரை சூடு இறங்க 10 மில்லிநொடிகூட ஆகாது. பக்கவாட்டில் ஒரு பதிப்புப் பரப்பு முழுக்கப் பரவச் சில நொடிகள் ஆகும். அந்தச் சில நொடிக்குள் திருத்தி உறைய வைத்துவிட வேண்டும். தாமதித்தால் வரைந்த வெப்ப வடிவம் கலைந்து போகும். உறைய வைக்கும் ஒளியும் சும்மா இருக்காது. சதுர சென்டிமீட்டருக்கு 100 மில்லிஜூல் முழுதும் சிலிக்கனில் இறங்கினால், அடியில் வேஃபரைப் பிடித்திருக்கும் சக் அந்தச் சூட்டை இழுத்துக்கொள்ளாத நிலையில், 0.8 டிகிரி ஏறும்.

வேஃபரைப் பிடித்திருக்கும் வெற்றிடச் சக்கும் இதில் ஒரு கை வைக்கும். 0.2 டிகிரி சூடாக வந்த வேஃபரை உடனே உறிஞ்சிப் பிடித்தால், ஆறும்போது சுருங்க விடாமல் உராய்வு தடுக்கும். இடத்துக்கு இடம் விட்டுவிட்டு நழுவும். தடையின்றிச் சுருங்கியிருந்தால் விளிம்பு மையத்தை நோக்கி 78 நானோமீட்டர் வந்திருக்கும். முதல் சில பதிப்புகளில் பெரிதாக இருந்து போகப்போகக் குறையும் விலகல் இதன் அடையாளம். வெப்பம் சமனான பிறகு பிடிப்பதே மருந்து.

ஆகவே வேண்டுமென்று செய்வதற்கு ‘வெப்பத் திருத்தம்’ என்று பெயர் வைக்கலாம். எல்லாத் திருத்தமும் முடிந்து உறைந்தபின் மிஞ்சுவதே அடுக்குப் பிசகு. அதன் உட்பிரிவுகளைக் காரணத்தால் அல்லாமல் வடிவத்தால் பெயரிடுவோம்: நகர்வுப் பிசகு, திருகல் பிசகு, அளவுப் பிசகு, வளைவுப் பிசகு. ‘வெப்பப் பிசகு’ பட்டியலில் வேண்டாம். அளவுப் பிசகு சூட்டாலும் வரும், அச்சை நெருக்கியது கூடிப்போனாலும் வரும். அலைன்மென்ட் என்ற செயலுக்கு ‘நேர்ப்படுத்தல்’ ஏற்கெனவே இருக்கிறது, அதைத் தொட வேண்டியதில்லை.