நூலகர்களுக்குப் பதிப்புரிமைப் பாடம்: சட்டப்பிரிவிலிருந்தா, கவுண்டரிலிருந்தா?

வேம்பன்: கல்லூரி, பொது நூலகர்களுக்கு இணையவழிப் பதிப்புரிமைப் பாடம் தயாரிக்கிறோம். 1957 பதிப்புரிமைச் சட்டத்தில், அனுமதி கேட்காமலே எப்போது நகலெடுக்கலாம் என்று சொல்லும் 52ஆம் பிரிவை வரிசையாக விளக்கும் வீடியோக்கள், முடிவில் கொள்குறி வினாத் தேர்வு, சான்றிதழ். போதுமா?

கயல்விழி: போதாது சார். உட்பிரிவை மனப்பாடம் செய்து சான்றிதழ் வாங்கியவர்களே, "முழு கைடையும் ஸ்கேன் பண்ணி வாட்ஸ்அப் குரூப்ல போடுங்க" என்று துறைத்தலைவர் சொன்னால் திருதிருவென விழிக்கிறார்கள். பாடம் நூலகக் கவுண்டரில் வரும் இப்படியான கோரிக்கையிலிருந்து தொடங்கட்டும்.

பிரிவு52: அப்படித் தொடங்கினால் ஆளுக்கொரு கதை பேசிவிட்டுக் கலைவார்கள். "முடியாது சார்" என்று சொல்லக் கையில் பிரிவு எண் வேண்டும். 52(1)(ஓ) பாருங்கள்: இந்தியாவில் விற்பனைக்குக் கிடைக்காத புத்தகம் என்றால் மட்டும், இலாப நோக்கற்ற பொது நூலகம் தன் பயன்பாட்டுக்கு மூன்று பிரதி வரை எடுக்கலாம். இதை அனுபவத்தில் ஊகிக்க முடியுமா?

கயல்விழி: தேர்வு முடிந்ததும் மூன்று நினைவிருக்கும், "விற்பனைக்குக் கிடைக்காத" மறந்துபோகும். "10 சதவீதம் வரை நகலெடுக்கலாம்" என்று இன்னும் ஸ்லைடு ஓட்டுகிறார்கள். நம் சட்டத்தில் அப்படியொரு சதவீதமே கிடையாது! பாடப்பகுதிகளை நகலெடுத்துத் தொகுத்து விற்றதற்காகப் பதிப்பகங்கள் தொடுத்த டெல்லி பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடை வழக்கில், 2016 டிசம்பரில் உயர் நீதிமன்ற அமர்வு கேட்டது கற்பித்தலுக்கு அவ்வளவு தேவையா என்றுதான்; பக்கக் கணக்கை அல்ல. கொள்குறி வினாவில் இதை எப்படிக் கேட்பீர்கள்?

பிரிவு52: அந்தத் தீர்ப்பே, கற்பித்தலுக்காக நகலெடுப்பதைச் சொல்லும் 52(1)(ஐ) வாசகத்தை அலசித்தான் வந்தது மேடம். பிரிவு தெரியாதவர், "கோர்ட்டே சொல்லிட்டுது" என்று கண்டதையெல்லாம் நகலெடுப்பார்.

ஏட்டுக்கட்டு: ரெண்டு பேரும் காகிதத்தைவிட்டு வரமாட்டேன் என்கிறீர்கள். மின்னிதழ்ச் சந்தாவில் முதலில் பார்க்க வேண்டியது ஒப்பந்தம். வேறு நூலகத்துக்கு அனுப்பலாமா, வெளியாள் வந்து படிக்கலாமா, எல்லாம் அதில்தான். கையெழுத்து கல்லூரி முதல்வருடையது, திட்டு நமக்கு. அப்புறம் 2012 திருத்தம்: அச்சுப் பிரதி நம்மிடம் இருந்தால் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமிக்கலாம். இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிடச் சொல்லவில்லை. நாட்டுடைமை நூல்தானே என்று ஸ்கேன் போடுபவர்களும் கவனிக்க: மூலத்துக்குத் தடையில்லை, பதிப்பாசிரியர் புதிதாக எழுதிச் சேர்த்த உரைக்கு உரிமை தனி.

வேம்பன்: சரி, கவுண்டரிலிருந்து தொடங்கினால் மதிப்பெண் எப்படிப் போடுவது? சான்றிதழ் இல்லையென்றால் ஓ.டி. (பயிற்சி நாளைப் பணிநாளாகக் கணக்கிடுவது) கிடைக்காது, ஒருவரும் சேரமாட்டார்கள்.

கயல்விழி: ஒரு கோரிக்கையைக் கொடுத்துப் பதில் கடிதம் எழுதச் சொல்லுங்கள். சட்டத்தைத் திறந்து வைத்தே எழுதட்டும்.

பிரிவு52: அத்தனையையும் யார் திருத்துவது?

கயல்விழி: நீங்கள்தான் சார். உங்களுக்குத்தான் பிரிவெல்லாம் அத்துப்படியாயிற்றே.

பிரிவு52: திருத்துகிறேன். பிரிவு எண் இல்லாத கடிதத்துக்குப் பூஜ்யம்.