யாளி டைனோசரா? பள்ளிக் கண்காட்சிக்கு அவசரமாகக் கேட்கிறேன்

மகிழினி_பட்டர்வொர்த்:
வணக்கம். தமிழ்ப்பள்ளி ஆசிரியை நான். அடுத்த வாரம் அறிவியல் கண்காட்சி. எங்கள் ஐந்தாம் ஆண்டு வகுப்புக்குக் கிடைத்த தலைப்பு 'அழிந்துபோன விலங்குகள்'. ஒரு மாணவனின் அப்பா புலனத்தில் ஒரு படம் அனுப்பியிருக்கிறார். ஒரு பக்கம் கோயில் தூணில் இருக்கும் யாளி, மறுபக்கம் தும்பிக்கை வைத்த ஏதோ ஒரு கொம்பு மிருகம். கீழே 'சிவனின் மிருகம், வெள்ளைக்காரனே ஒப்புக்கொண்டான்' என்று கொட்டை எழுத்து. இதை அப்படியே மண்டபத்துப் பதாகையில் போட வேண்டும் என்று பையன் ஒற்றைக் காலில் நிற்கிறான். பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலும் இரண்டு பேருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. எனக்கு மனம் ஒப்பவில்லை, ஆனால் ஏன் வேண்டாம் என்று கேட்டால் சொல்லப் பதில் இல்லை. அந்த மிருகத்துக்குச் சிவன் பெயர் எப்படி வந்தது? யாளி நிஜமாகவே இருந்ததா? திங்கட்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.

லெமூரியன்77:
டீச்சர், தயங்காமல் போடுங்கள். ஆளி, அதாவது யாளி, யானையைத் தாக்குவது அகநானூற்றிலேயே வருகிறது. இல்லாத மிருகத்தையா புலவர் பாடுவார்? ஆயிரக்கணக்கான தூண்களில் ஒரே மாதிரி செதுக்கியிருக்கிறார்கள். பார்க்காமல் செதுக்க முடியுமா? நம் ஆட்களே நம்மை நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

நைட்ஷிப்ட் குணா:
டீச்சர், பினாங்கு பாயான் லெப்பாஸ் ஆலையில் எனக்கு இரவு வேலை. மெஷின் ஒழுங்காக ஓடினால் விடியும் வரை படிக்கலாம், அதில் பாதி எலும்புக் கதைதான்.

படத்தில் இருப்பது சிவத்தேரியம். 1836இல் ஹியூ ஃபால்கனர், ப்ரோபி காட்லி என்ற இருவர் வைத்த பெயர். ஃபால்கனர் சஹரன்பூர் தாவரத் தோட்டத்துப் பொறுப்பாளர், காட்லி கால்வாய் வெட்டும் இன்ஜினியர். எலும்பு கிடைத்தது இமயமலை அடிவாரத்துச் சிவாலிக் குன்றுகளில், அதனால் சிவன். இதில் யாரும் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. பிள்ளைக்கு முருகன் என்று பெயர் வைத்தால் வாசலில் மயிலா வந்து நிற்கிறது? அப்புறம் அது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. பிரம்மதேரியம், விஷ்ணுதேரியம், இந்திரதேரியம் என்று வரிசையாக வரும். ராமபித்தேக்கஸ் என்று ஒன்று, மனிதனின் மூதாதை என்று பாடப்புத்தகம் வரை போனது. கடைசியில் பார்த்தால் அதுவும் சிவபித்தேக்கஸ் என்ற வாலில்லாக் குரங்கும் ஒன்றே. முதலில் அச்சேறிய பெயருக்கே உரிமை என்பது விதி. சிவன் 1910, ராமன் 1934. ராமன் பெயர் போய்விட்டது. (சைவர்கள் ரொம்பத் துள்ள வேண்டாம்.)

தும்பிக்கைதான் இதில் சுவாரசியம். மண்டையோட்டில் மூக்கெலும்பு மேலே தூக்கி நின்றதைப் பார்த்து, நம் காட்டுத் தெனுக்குக்கு (டாபிர்) இருப்பதுபோல் ஒரு குட்டித் தும்பிக்கை இருந்திருக்கும் என்று ஃபால்கனரும் காட்லியும் நினைத்தார்கள். அந்த நினைப்பில் வரைந்த பழைய படங்கள்தான் இன்னும் சுற்றுகின்றன. அது உண்மையில் ஒட்டகச்சிவிங்கிக்கு உறவு. கழுத்து குட்டை, தலையில் நான்கு கொம்பு, தும்பிக்கை கிடையாது. தும்பிக்கை போனால் யாளிக்கும் அதற்கும் என்ன ஒட்டு? டைனோசரும் அல்ல, பாலூட்டி. டைனோசர்கள் அழிந்து 66 மில்லியன் ஆண்டு ஆகிறது, அகநானூற்றுப் புலவர் அவற்றைப் பார்த்திருக்க வழியே இல்லை.

எலும்புக்குச் சாமி பெயர் வைத்த கதை இது. எலும்பைப் பார்த்துச் சாமியும் டிராகனும் பிறந்த கதையும் உண்டு, அதைப் பதாகையில் போடலாம். பூஜையில் வைக்கும் சாளக்கிராமத்துக்குள் சக்கரம் தெரிகிறதே, அது அம்மோனைட் என்ற கடல் உயிரின் ஓடு. கண்டகி நதியில் உருண்டு வருகிறது. டைனோசர் காலத்தோடு போன உயிர்.

சீன வைத்தியத்தில் 'டிராகன் எலும்பு' என்று ஒரு சரக்கு. கேம்பல் ஸ்ட்ரீட் பக்கம் ஒரு பழைய மருந்துக்கடைத் தாத்தா இழுப்பறையைத் திறந்து காட்டினார். சாம்பல் பூத்த துண்டு, உடைந்த பக்கம் ஊசி ஊசியாகத் துளை. நாக்கில் ஒட்ட வேண்டும், ஒட்டாவிட்டால் மட்டமான சரக்கு என்றார். வைத்துப் பார்த்தேன், பிடுங்கித்தான் எடுத்தேன். பழங்காலத்து யானை, குதிரை, மான் வகைகளின் எலும்புதான் இப்படி விற்கப்படுகிறது. 1935இல் ஹாங்காங்கில் இதே மாதிரி மருந்துக்கடையில் ஃபான் கோனிக்ஸ்வால்ட் என்ற எலும்பு ஆராய்ச்சியாளர் ஒரு பெரிய கடைவாய்ப் பல்லைக் கண்டார். உலகில் இருந்ததிலேயே பெரிய வாலில்லாக் குரங்கு அப்படித்தான் வெளியே வந்தது. ஜைகாண்டோபித்தேக்கஸ் என்று பெயர் வைத்தார்.

மகிழினி_பட்டர்வொர்த்:
குணா, நன்றி. சாளக்கிராமம் எங்கள் பக்கத்து வீட்டிலேயே இருக்கிறது, கேட்டு வாங்கி வைத்துவிடுவேன். ஆனால் 'தமிழ் சம்பந்தமாக' ஏதாவது வேண்டும் என்கிறார்கள் சங்கத்தில்.

நைட்ஷிப்ட் குணா:
தமிழ்நாட்டு மண்ணிலேயே ஒன்று இருக்கிறதே டீச்சர். அரியலூர்ப் பக்கம் கல்லமேடு. யாதகிரி, அய்யாசாமி இருவரும் 1987இல் பெயர் வைத்தார்கள்: பிருகத்காயசாரஸ். பேருடல் பல்லி என்று பொருள், ஒரு டைனோசர். முழங்காலுக்குக் கீழ் எலும்பு மட்டும் 2 மீட்டர் நீளம். முதலில் இறைச்சி தின்னும் வகை என்று எழுதி, பிற்பாடு நீள்கழுத்து இலைதின்னி என்று மாற்றினார்கள். கல்லாகிப்போன மரக்கட்டையாக இருக்குமோ என்றுகூட ஒரு சந்தேகம் ஓடியது. எடுத்துப் பார்க்கலாம் என்றால் எலும்பே இல்லை, பொடிந்துபோய்விட்டது. படங்கள்தான் மிச்சம். நீலத் திமிங்கிலத்துக்கு இணை என்பவர்களும் உண்டு. எலும்பு இல்லாத வரை அந்தச் சண்டை தீராது.

பையனுக்குச் சிவன் இல்லாமல் முடியாது என்றால் வாசுகி இண்டிகஸ் கொடுங்கள். குஜராத்தில் பனந்த்ரோ நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைத்த பாம்பு, 2024இல் பெயர் வைத்தது. 27 முதுகெலும்புத் துண்டுகளை வைத்து 11 முதல் 15 மீட்டர் நீளம் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். வகுப்பறையில் கயிறு பிடித்துக் காட்டப் பாருங்கள், வராந்தாவுக்குப் போய்விடும்.

சுதைவேலை_முத்து:
டீச்சரம்மா, நான் காரைக்குடிக்காரன். இங்கே செபராங் பிறையில் ஒரு கோயில் திருப்பணிக்கு வந்திருக்கிறேன். எல்லா யாளியும் ஒரே மாதிரி என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். சிங்க முகம் வைத்தால் சிம்ம யாளி, யானை முகம் என்றால் கஜ யாளி, மகர யாளி வேறு. தாங்குதளத்தில் யாளி வரி என்று ஒரு வரிசையே வரும், அங்கே உள்ளங்கை அளவுக்குத் தலை மட்டும். தூணில் ஆளை விட உயரம். எங்கே நிற்கிறதோ அதற்குத் தக்கபடிதான் உடம்பு. சுதையில் துதிக்கையை நீட்டினால் மழையில் ஊறி விழுந்துவிடும், அதனால் மார்போடு ஒட்டிச் சுருட்டிவிடுவோம். இதற்கு மிருகத்தைப் பார்க்க வேண்டுமா?

கல் யாளி வாய்க்குள் உருண்டை உருளும், வெளியே வராது. யாரும் உள்ளே போட்டதில்லை. அதே கல்லில், பல் இடுக்கு வழியாகச் சிற்றுளி விட்டுப் பிரித்தது. பிள்ளைகளுக்கு அதைச் சொல்லுங்கள், டைனோசரை விட அதிகமாக வாயைப் பிளப்பார்கள்.

லெமூரியன்77:
சரி, யாளியை விடுங்கள். லெமூரியாக் கண்டமும் கட்டுக்கதைதானா?

நைட்ஷிப்ட் குணா:
அண்ணே, அது 1864இல் ஸ்க்லேட்டர் என்ற விலங்கியல்காரர் வைத்த பெயர். மடகாஸ்கரில் லெமூர் என்ற குரங்கு மாதிரி விலங்கு நிறைய, இந்தியாவிலும் அதன் உறவுகள், நடுவில் கடல். அப்படியானால் அங்கே ஒரு கண்டம் மூழ்கியிருக்கும் என்று நினைத்தார். கண்டங்களே நகர்கின்றன என்று தெரிந்த பிறகு அந்தக் கண்டம் தேவைப்படவில்லை. லெமூருக்கு அந்தப் பெயர் உயிரினங்களை வகைப்படுத்திய லின்னேயஸ் வைத்தது, ரோமானியர்களின் இரவுப் பேய்களை நினைத்து. அவருடைய 1758 பட்டியலில் தேவாங்கும் லெமூர்தான். ஆக உங்கள் பெயருக்கு 77ஆம் நம்பர் தேவாங்கு என்றும் பொருள் சொல்லலாம். கோபிக்காதீர்கள்.

லெமூரியன்77:
பெயரை மாற்றப் போவதில்லை. டீச்சர், பதாகையில் ஆளி பாட்டையாவது ஒரு மூலையில் போடுங்கள்.