வயிறு ஒத்துக்கொள்ளாத நாய்க்கு என்ன தின்பண்டம் கொடுக்கலாம்? மூன்று மாதமாகத் திண்டாடுகிறேன்

செம்பி வீடு:

வணக்கம். எங்கள் செம்பிக்கு ஆறு வயது. கலப்பினப் பெண் நாய், கருத்தடை ஆகிவிட்டது, எடை 12 கிலோ. குட்டியாக இருந்தபோதே அவளுக்குச் சட்டென்று வயிறு கெட்டுவிடும். இந்த மூன்று மாதமாக நிலைமை முற்றிவிட்டது. வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள் மலம் கூழாகப் போகிறது. சில நாட்களில் அதன்மேல் வழவழவென்று சளி படிந்திருக்கிறது. வெளியே போகவேண்டும் என்று ஒரே நாளில் ஐந்தாறு முறை கதவைப் பிறாண்டுகிறாள். அழைத்துப் போனால் முக்கி முக்கிக் கொஞ்சம்தான் வருகிறது. பார்க்கவே பாவமாக இருக்கிறது.

மருத்துவரிடம் காட்டிவிட்டோம். மலப் பரிசோதனையில் புழு இல்லை, ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணியும் இல்லை. இரத்தப் பரிசோதனையும் சரியாக வந்தது. எளிதில் செரிக்கும் உலர் உணவுக்கு மாற்றச் சொன்னார். ஏழு நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றினோம். முதல் பத்து நாட்கள் நன்றாக இருந்தது, பிறகு பழைய கதைதான். "தட்டில் போடும் உணவில் குறை இல்லை, நடுவில் என்ன கொடுக்கிறீர்கள் என்று பாருங்கள்" என்கிறார்.

'இயற்கையானது', 'தானியம் சேராதது', 'வயிற்றுக்கு இதமானது' என்றெல்லாம் அச்சிட்ட பொட்டலங்களாகப் பார்த்து ஐந்து வகை வாங்கிவிட்டேன். ஒன்று ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அடுத்ததைப் பிரிக்கிறேன். எதுவும் பலிக்கவில்லை. அடியோடு நிறுத்திவிடலாம் என்றால், நகம் வெட்டுவதும் காது துடைப்பதும் கூப்பிட்டவுடன் வருவதும் அந்தச் சிறு துண்டை நம்பித்தான் நடக்கின்றன. எதைக் கொடுத்தால் அவள் வயிறு தாங்கும்?

மூன்று நாய்களின் அம்மா:

தோலும் எலும்பும் நீக்கி, உப்பு சேர்க்காமல் வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி. என் மூத்த நாய்க்கு நான்கு வருடமாக இதுதான். விரல் நகம் அளவுக்கு வெட்டி ஒரு வாரத்துக்கு வேண்டியதை உறைபெட்டியில் வைத்துவிடுவேன். பொட்டலங்களை ஓரமாக வையுங்கள்.

நான்கு கால் நண்பன்:

வேர்க்கடலை வெண்ணெயை ரப்பர் பொம்மைக்குள் தடவிக் கொடுத்துப் பாருங்கள், அரை மணி நேரம் சமர்த்தாக இருப்பாள். கடிப்பதற்கு, பதப்படுத்திய மாட்டுத்தோலை எலும்பு வடிவில் செய்து விற்கும் தோல் எலும்பும் நல்லது.

கால்நடை மருத்துவ மாணவி:

நண்பரே, நல்ல எண்ணத்தில் சொல்கிறீர்கள், ஆனால் இந்த நாய்க்கு அவை இரண்டும் வேண்டாம். வேர்க்கடலை வெண்ணெயில் பாதி கொழுப்பு. வயிறு கெட்டிருக்கும்போது கொழுப்பு நிலைமையை மோசமாக்கும். சில நாய்களுக்குக் கணைய அழற்சியே வந்துவிடும். மேலும், இனிப்புக்காகச் சைலிட்டால் சேர்த்த வகைகள் விற்பனையில் இருக்கின்றன. நாயின் உடலில் அது இன்சுலினைத் திடீரென்று பெருக்கி இரத்தச் சர்க்கரையை வீழ்த்திவிடும், கல்லீரலையும் அழிக்கும். உயிருக்கே ஆபத்து. தோல் எலும்பு எளிதில் செரிக்காது. பெரிய துண்டாக விழுங்கிவிட்டால் குடலில் அடைத்துக்கொள்ளும்.

செம்பி வீட்டாருக்கு: எந்தப் பண்டம் நல்லது என்று இப்போதே பட்டியல் போடவேண்டாம். ஐந்து வகையை மாற்றி மாற்றிக் கொடுத்ததில் எது கெடுத்தது என்று உங்களுக்கும் தெரியவில்லை, மருத்துவருக்கும் தெரிய வழியில்லை. முதலில் ஒன்று செய்யுங்கள். நாளைக் காலை முதல் மறுநாள் காலை வரை செம்பியின் வாய்க்குள் போகும் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். தின்பண்டம் மட்டும் போதாது. மாத்திரை, மாத்திரையைச் சுற்றிக் கொடுக்கும் பண்டம், பற்பசை, தரையில் விழுந்து அவள் பொறுக்கியது, வீட்டில் மற்றவர்கள் கையால் கொடுத்தது எல்லாமே அதில் வரவேண்டும்.

நீங்கள் சொல்லும் அறிகுறிகள், அதாவது அடிக்கடி போவது, கொஞ்சமாகப் போவது, முக்குவது, சளி, இவை பெரும்பாலும் பெருங்குடல் எரிச்சலைக் காட்டுபவை. எடை குறைகிறதா? வாந்தி உண்டா? மலம் சாலைத் தார்போல் கறுத்திருக்கிறதா? முன்னங்கால்களை நீட்டி, பின்பக்கத்தைத் தூக்கி, வணங்குவதுபோல் நின்றுகொண்டே இருக்கிறாளா? இவற்றில் ஒன்று இருந்தாலும் இங்கே காத்திருக்காமல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

செம்பி வீடு:

அந்த நான்கில் எதுவும் இல்லை. எடை அப்படியே இருக்கிறது.

தாளில் எழுதினேன். எழுதி முடித்ததும் எனக்கே அதிர்ச்சி. காலையில் மூட்டுக்கான மாத்திரை, அதைச் சுற்றி ஒரு துண்டு சீஸ். நடைப்பயிற்சியில் மென்மையான இறைச்சித் தின்பண்டம் ஏழெட்டு. இரவில் பல் சுத்தமாவதற்கான மெல்குச்சி ஒன்று. தினமும் கொடுக்கச் சொல்லி அட்டையில் போட்டிருந்ததால் கொடுக்கிறேன். இதுவரை எனக்குத் தெரிந்தவை.

தெரியாதது ஒன்று இருந்தது. அப்பா தினமும் மாலையில் அவளுக்கு மூன்று பிஸ்கட் கொடுக்கிறார், பாலில் நனைத்து. மூன்று மாதங்களுக்கு முன்புதான் அப்பா எங்களோடு வந்து தங்கினார். அம்மா போனபிறகு அவர் அதிகம் பேசுவதில்லை. செம்பியோடு மட்டும்தான் பேசுகிறார். மூன்று மாதம் என்ற கணக்கு மனத்தில் உதித்ததும் அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

கால்நடை மருத்துவ மாணவி:

அப்பாவிடம் இன்றைக்கே எதையும் சொல்லவேண்டாம். பிஸ்கட்தான் காரணம் என்று இன்னும் நிரூபணமாகவில்லை. பொறுங்கள், முதலில் கணக்கைப் பார்ப்போம்.

கருத்தடை செய்த 12 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 700 கிலோ கலோரி தேவை. இடையில் கொடுப்பவை எல்லாம் சேர்ந்து அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் அளவு. செம்பிக்கு அது 70. மெல்குச்சி அட்டையின் பின்புறம் ஒன்றில் எவ்வளவு என்று போட்டிருக்கும், பாருங்கள்.

பால் விஷயத்தில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைந்துவிடும். செரிக்காத சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுத்துக்கொள்ளும், மலம் இளகும். மென்மையான தின்பண்டங்களை ஈரமாக வைத்திருக்கச் சேர்க்கும் கிளிசரின், சார்பிட்டால் போன்றவையும் அளவு மீறினால் அதே வேலையைச் செய்யும். 'இயற்கையானது' என்று முகப்பில் போட்டிருந்தாலும் பின்பக்கத்தில் இவை இருக்கலாம்.

இப்போது செய்யவேண்டியது: ஐந்து நாட்களுக்குத் தட்டு உணவும் தண்ணீரும் மட்டும். மாத்திரையை நிறுத்தலாமா, உணவிலேயே பொடித்துக் கலக்கலாமா என்று உங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

செம்பி வீடு:

மெல்குச்சியில் 76 போட்டிருக்கிறது. ஒரு நாள் அளவு அதிலேயே முடிந்துவிட்டது.

ஐந்து நாள் பயிற்சியும் நகம் வெட்டுவதும் எப்படி நடக்கும்? வெறுங்கையோடு கூப்பிட்டால் திரும்பியும் பார்க்கமாட்டாள்.

மூன்று நாய்களின் அம்மா:

தட்டு உணவையே தின்பண்டமாக்குங்கள். காலையில் அன்றைய உலர் உணவு முழுவதையும் அளந்து, அதில் ஒரு கைப்பிடியை டப்பாவில் எடுத்து வைத்துவிடுங்கள். நாள் முழுவதும் கொடுப்பதெல்லாம் அதிலிருந்துதான். வயிற்றுக்குப் புதிதாக எதுவும் போகவில்லை, கலோரியும் கூடவில்லை. தட்டில் கிடந்தால் முகர்ந்துவிட்டுப் போகும் அதே உருண்டையை, உள்ளங்கையில் வைத்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுத்தால் என் நாய்கள் ஓடி வருகின்றன. ஒரு உருண்டையையும் மொத்தமாகக் கொடுக்காதீர்கள். பாதியாக உடைத்து இரண்டு முறை கொடுங்கள். நாய்க்கு எத்தனை முறை கிடைத்தது என்பதுதான் பெரிது.

இரவு நடை:

கோழிக்கறி பற்றி ஒரு எச்சரிக்கை. எல்லோரும் அதைப் பாதுகாப்பானது என்றுதான் தொடங்குகிறார்கள். என் நாய்க்குக் கோழிதான் எதிரி. அது தெரிய ஒன்றரை வருடம் ஆனது. நான் வாங்கிய 'ஆட்டிறைச்சி' தின்பண்டத்தின் பின்புறத்தில் மூன்றாவது பொருளாகக் கோழிக் கொழுப்பு இருந்தது. முகப்பை மட்டும் படித்துக்கொண்டிருந்தேன்.

உணவு ஒவ்வாமையால் தோல் பாதித்த 297 நாய்களைப் பற்றிய தரவுகளைத் தொகுத்து 2016இல் ஒரு ஆய்வு வெளியானது. அதில் மாட்டிறைச்சி 34 சதவீதம், பால் பொருட்கள் 17, கோழி 15, கோதுமை 13 என்று இருந்தது. தானியம் சேராதது என்று தேடி வாங்குகிறோமே, முதல் மூன்று இடத்திலும் தானியமே இல்லை.

உலர்த்திய இறைச்சிப் பட்டைகளிலும் கவனம் வேண்டும். அவற்றைத் தின்ற நாய்கள் நோயுற்றதாக 2007 முதல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்துக்கு ஆயிரக்கணக்கான புகார்கள் வந்தன. வாந்தி, வயிற்றுப்போக்கு, சிலவற்றுக்குச் சிறுநீரகப் பாதிப்பு. அத்தனை பரிசோதனை செய்தும் காரணம் உறுதியாகப் பிடிபடவில்லை. அன்றிலிருந்து ஒரே பொருளால் ஆனதை, முடிந்தால் வீட்டிலேயே வேகவைத்ததை மட்டுமே கொடுக்கிறேன்.

செம்பி வீடு:

அப்படியானால் செம்பிக்கும் ஒவ்வாமையாக இருக்குமோ? அவளுக்குச் சொறிச்சல் எதுவும் இல்லை.

கால்நடை மருத்துவ மாணவி:

இருக்கலாம், இல்லாமலும் போகலாம். தோலில் எதுவும் இல்லாமல் வயிற்றில் மட்டும் காட்டும் நாய்களும் உண்டு. ஒவ்வாமையை உறுதிசெய்ய மருத்துவர் மேற்பார்வையில் தனி உணவுச் சோதனை, அதாவது அவர் தேர்ந்தெடுத்த உணவை மட்டும் கொடுத்துப் பார்க்கும் சோதனை, செய்யவேண்டும். தோலுக்கு எட்டு வாரம் வரை ஆகும். வயிற்று அறிகுறிகள் என்றால் பெரும்பாலும் இரண்டு வாரத்திலேயே மாற்றம் தெரிந்துவிடும். அந்த நாட்களில் சுவையூட்டிய மாத்திரைகூட உள்ளே போகக்கூடாது. இப்போதைக்கு அவ்வளவு தூரம் போகவேண்டாம். ஐந்து நாள் முடியட்டும்.

அதன்பிறகு ஒரு நேரத்தில் ஒரே ஒரு புதுப்பொருள். முதல் மூன்று நாட்கள் பட்டாணி அளவு, நாளுக்கு ஒரு முறை. மலம் கெடவில்லையென்றால் கொஞ்சம் கூட்டி, ஏழாம் நாள் வரை பாருங்கள். வேகவைத்த கோழி நெஞ்சு, வேகவைத்து மசித்த மஞ்சள் பூசணி, வேகவைத்த கேரட், பச்சை பீன்ஸ், தோல் நீக்கிய சர்க்கரைவள்ளிக்கிழங்கு, விதையும் நடுத்தண்டும் எடுத்த ஆப்பிள் ஆகியவற்றில் எதையும் முயலலாம். பூசணியின் கரையும் நார்ச்சத்து பெருங்குடலுக்கு நல்லது, ஆனால் ஒரு தேக்கரண்டியில் தொடங்குங்கள்; அளவு மீறினால் அதுவே மலத்தை இளக்கும்.

எந்தக் காரணத்துக்காகவும் கொடுக்கக்கூடாதவை: திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், பூண்டு, சாக்லேட், மக்கடேமியா கொட்டை. திராட்சை சிறுநீரகத்தைத் தாக்கும். வெங்காயமும் பூண்டும் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வேகவைத்தாலும் பொடியாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. ஆகவே வீட்டுக் குழம்பிலிருந்து எடுத்துக் கழுவிய கறித்துண்டும் வேண்டாம்.

செம்பி வீடு:

ஐந்தரை வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லோருக்கும் நன்றி சொல்லவேண்டும்.

நான்காம் நாளே மலம் கெட்டியானது. ஐந்தாம் நாள் இரண்டே முறைதான் வெளியே போனாள். கதவைப் பிறாண்டவில்லை. அன்று இரவு நான் முழுதாகத் தூங்கினேன்.

கோழி நெஞ்சு ஒரு வாரம் கொடுத்தேன், சிக்கல் இல்லை. அடுத்து பூசணி, அதுவும் சரி. சர்க்கரைவள்ளியில் ஐந்தாம் நாள் கொஞ்சம் இளகியது, ஒரு முறைதான். அதை விட்டுவிட்டேன். அதற்கும் பிறகு, மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, மெல்குச்சியில் கால் பங்கு மட்டும் கொடுத்தேன். மறுநாள் காலையில் சளி. நான்கு நாட்கள் விட்டு மலம் சரியானபிறகு மீண்டும் கொடுத்தேன், மறுபடியும் சளி. அதோடு நிறுத்தியாகிவிட்டது. இப்போது மருத்துவர் காட்டிக்கொடுத்தபடி தூரிகையால் பல் துலக்குகிறேன். பற்பசையும் நாய்களுக்கென்று தயாரித்தது, அவரே தேர்ந்தெடுத்தது.

மாத்திரையை மருத்துவர் அனுமதியோடு பொடித்து, இரவு உணவில் வெந்நீர் தெளித்துக் கலந்துவிடுகிறேன். சீஸ் தேவைப்படவில்லை.

பிஸ்கட்டையும் பாலையும் சோதித்துப் பார்க்கவில்லை. ஐந்து நாள் தொடங்கும் முன்பே அப்பாவிடம் போய், அந்தத் தாளைக் காட்டி, மெல்குச்சியையும் சீஸையும் முதலில் சொல்லி, கடைசியில் பிஸ்கட்டைச் சொன்னேன். "நான்தான் கெடுத்தேனா?" என்று கேட்டார். தெரியாது, எல்லோரும் சேர்ந்து நிறுத்திப் பார்க்கிறோம் என்றேன். மாலையில் அவள் வந்து நிற்பாளே, வெறுங்கையை எப்படிக் காட்டுவது என்றார். அதற்குத்தான் டப்பா யோசனை கைகொடுத்தது. அவளுடைய ஒரு நாள் உணவு 180 கிராம். அதில் 40 கிராமை அளந்து அப்பாவிடம் கொடுத்துவிடுகிறேன். மாலை முழுவதும் ஒவ்வோர் உருண்டையாக அவர் கையால்தான். தட்டில் போடுவது 140 கிராம்தான்.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. இரண்டு மூன்று நாட்களாக அந்த உருண்டையை முகர்ந்துவிட்டு அவர் முகத்தைப் பார்க்கிறாளாம். அலுத்துவிட்டதோ?

மூன்று நாய்களின் அம்மா:

கோழி ஒத்துக்கொண்டதால் ஒரு வழி இருக்கிறது. மூடியுள்ள டப்பாவில் உருண்டைகளைப் போட்டு, வேகவைத்து ஆறிய கோழித்துண்டு ஒன்றைச் சிறு கிண்ணத்தில் அதற்குள் வைத்து, இரவு குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். காலைக்குள் வாசனை ஏறிவிடும். கோழித்துண்டைத் தினமும் மாற்றுங்கள், உருண்டைகளையும் அன்றன்றைக்கே தீர்த்துவிடுங்கள். மூடியை அப்பாவே செம்பியின் முன்னால் திறக்கட்டும்.

செம்பி வீடு:

இன்றிரவே வைக்கிறேன். அப்பாவிடம் சொன்னதும் டப்பாவைத் தேய்த்துக் கழுவிக் கொண்டுவந்துவிட்டார்.