ஒரே டிவிடியில் அப்பா படத்தின் இரண்டு பதிப்பு: ஒட்டு வரும் இடமெல்லாம் நின்று போகிறது

சாலிகிராமம் மகள்

வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா 2003இல் ஒரு படம் இயக்கினார். பெயரைச் சொன்னாலும் யாருக்கும் தெரியாது, 12 நாள்தான் ஓடியது. நான்காம் நாளே இழுவை என்று சொல்லி, தியேட்டருக்குப் போன பிரிண்டிலேயே 7 இடத்தில் கத்தரி வைத்து 18 நிமிடத்தை எடுத்துவிட்டார்கள். அப்பா வேண்டாமென்று தள்ளி வைத்திருந்த 4 நிமிடக் காமெடி பிட் ஒன்றை நடுவில் ஒட்டினார்கள். 152 நிமிடப் படம் 138 ஆனது. அந்த 18 நிமிடத்தைப் பற்றி வீட்டில் இன்றும் பேச்சு வரும்.

தை மாதம் அப்பாவுக்கு 70. யூனிட்டில் வேலை பார்த்தவர்களில் 40 பேரைத் தேடிப் பிடித்துவிட்டேன். ஆளுக்கு ஒரு டிவிடி கொடுக்க ஆசை. மெனுவில் "இயக்குநர் பதிப்பு", "தியேட்டர் பதிப்பு", அப்புறம் தனியாக 25 நிமிட நீக்கப்பட்ட காட்சிகள்.

கையில் இருப்பது: ரிலீஸுக்கு முன் எடுத்த முழுப் படத்தின் டிஜி பீட்டா (ஸ்டூடியோக்களில் பயன்படும் வீடியோ) கேசட் ஒன்று, வெட்டிய பிரிண்டிலிருந்து பின்னால் எடுத்த டிஜி பீட்டா ஒன்று. நீக்கப்பட்ட காட்சிகள் எடிட்டிங்கில் பார்த்த தரத்தில் ஒரு விஎச்எஸ்ஸில் உள்ளன, மூலையில் டைம்கோடு எண் ஓடுகிறது. மூன்றையும் ஃபைலாக மாற்றிவிட்டேன்.

பொதுவான பகுதி டிஸ்க்கில் ஒரு தடவை மட்டும் இடம் பிடிக்கட்டும் என்று, ஓர் இலவச மென்பொருளில் படத்தைத் துண்டு துண்டாகப் போட்டு இரண்டு விதமாக வரிசைப்படுத்தினேன். கணினியில் சரியாக ஓடுகிறது. வீட்டு டிவிடி பிளேயரில் ஒவ்வொரு ஒட்டிலும் அரை விநாடி, ஒரு விநாடி உறைந்து நிற்கிறது. பின்னணி இசை நடுவில் அறுந்து மறுபடி வருகிறது. மூன்று பிளேயரில் பார்த்துவிட்டேன். வெளிநாட்டு டிஸ்க்குகளில் இப்படி நிற்பதில்லையே, நான் எங்கே தப்பு செய்கிறேன்?

பென்டிரைவ் பாண்டி

டிவிடியா! இரண்டு ஃபைலை பென்டிரைவில் போட்டுக் கொடுங்கள், ஐந்து நிமிட வேலை.

சாலிகிராமம் மகள்

யோசித்தேன் பாண்டி. எங்கள் தெருக்கோடியில் இருக்கும் லைட்மேன் மாமாவுக்கு டிவியில் பென்டிரைவ் செருகப் பேரன் பள்ளிக்கூடம் விட்டு வர வேண்டும். டிவிடி பிளேயரை அவரே துணி போட்டு மூடி வைத்திருக்கிறார். அதோடு அப்பா உறையில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும், பென்டிரைவில் எங்கே போடுவது?

ரீல்பெட்டி

அம்மா, நீங்கள் தப்பு எதுவும் செய்யவில்லை. உங்கள் மென்பொருளால் முடியாத காரியத்தை அதனிடம் கேட்கிறீர்கள். கோடம்பாக்கத்தில் பதினோரு வருடம் டிவிடி ஆதரிங் (படம், ஒலி, மெனுவைச் சேர்த்து டிஸ்க்காக அமைக்கும் வேலை) செய்தவன் நான். அதற்கு முன் தியேட்டரில் ஆபரேட்டருக்கு உதவியாள். இரண்டு அனுபவமும் உங்கள் கேள்விக்குத் தேவைப்படுகிறது.

முதலில் ஏன் நிற்கிறது என்று பார்ப்போம். லேசர் ஒரு துண்டை முடித்துவிட்டு, டிஸ்க்கில் வேறு இடத்தில் கிடக்கும் அடுத்த துண்டுக்குத் தாவ வேண்டும். அந்த நேரத்தில் பிளேயர் தன் சின்ன நினைவகத்தில் சேர்த்து வைத்ததைக் காட்டிச் சமாளிக்கும். அது தீர்ந்துவிட்டால் படம் உறையும். நிற்காமல் ஓட வேண்டுமென்றால் இரண்டு பதிப்பின் மாறுபடும் பகுதிகளையும் சின்னச் சின்னதாக நறுக்கி, சீட்டுக்கட்டைக் கலைத்துச் சேர்ப்பதுபோல் மாற்றி மாற்றி அடுக்க வேண்டும். அப்போது ஒவ்வொரு தாவலும் குட்டித் தாவல்தான். டிவிடியின் விதிமுறையிலேயே இதற்கு இடம் இருக்கிறது. ஆனால் சீனாரிஸ்ட் மாதிரி ஸ்டூடியோ மென்பொருள்தான் இதைச் செய்யும். 2000இல் வந்த டெர்மினேட்டர் 2 டிஸ்க்கில் தியேட்டர் பதிப்பும் நீண்ட பதிப்பும் இப்படித்தான் சேர்ந்து உட்கார்ந்திருந்தன. மூன்றாவது பதிப்பு ஒன்றையும் ஒளித்து வைத்திருந்தார்கள், மெனுவில் 82997 என்று அடித்தால் திறக்கும். நாங்கள் அதை வாடகைக்கு எடுத்து வந்து இரண்டு நாள் பிரித்துப் பார்த்தோம்.

அடுக்குவதற்கு ஒரு விலை உண்டு. டிவிடியில் எல்லாம் சேர்ந்து விநாடிக்கு 10.08 மெகாபிட் வரை ஓடலாம். அடுக்கிய பகுதியில் அந்த உச்சத்தைத் தொட முடியாது. அங்கே போய் சண்டைக் காட்சியும் மழையும் வந்தால் கட்டம் கட்டமாக உடையும்.

ஒட்டு எங்கே வேண்டுமானாலும் விழ முடியாது என்பது அடுத்த தலைவலி. நம் ஊர் டிவியின் பால் (PAL) முறையில் ஒரு பிரேம் 40 மில்லி விநாடி. டால்பி ஒலி 32 மில்லி விநாடித் துண்டுகளாக வரும். இரண்டும் சேர்ந்து முடிவது 160 மில்லி விநாடிக்கு ஒரு தடவை, அதாவது படத்தில் 4 பிரேம், ஒலியில் 5 துண்டு. ஒவ்வொரு பகுதியின் நீளத்தையும் 4 பிரேமின் மடங்காக வைத்துக்கொண்டால் ஒலியில் ஓட்டை விழாது. இல்லையென்றால் பொட்டு வைத்த மாதிரி ஒரு சின்ன வெட்டு கேட்கும். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, ஒரு பாட்டு டிஸ்க்கைக் கெடுத்துக் கற்றுக்கொண்டேன்.

இதையெல்லாம்விடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. படம் வெட்டுப்படும் இடமும் ஒலி வெட்டுப்படும் இடமும் ஒன்றல்ல. காட்சி 2 நிமிடம் என்றால் அதன் ஆர்.ஆர். (பின்னணி இசை) முந்தைய காட்சியிலேயே தொடங்கி, அடுத்த காட்சியில் போய்த்தான் அடங்கும். இரண்டு பதிப்பும் படத்திலும் ஒலியிலும் அச்சு அசலாக ஒன்று சேரும் இடம் வரை போய்த்தான் ஒட்ட முடியும். 18 நிமிடத்துக்கு 18 நிமிடம் மட்டும் இடம் போதாது, முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டே போகும்.

உங்கள் விஷயத்தில் இன்னொன்று. உங்கள் தியேட்டர் கேசட் கத்தரி வைத்த பிரிண்டிலிருந்து வந்தது என்கிறீர்கள். 35 எம்எம் பிரிண்டில் ஒலி, அதற்குரிய படத்துக்குப் பக்கத்தில் இருக்காது. சுமார் 20 பிரேம் முன்னால் தள்ளிப் பதிந்திருக்கும், புரொஜெக்டரில் படம் விழும் கேட்டைத் தாண்டித்தான் ஒலி படிக்கும் தலை இருக்கிறது. ஆகவே ஒரு காட்சியை அப்படியே வெட்டி எடுத்து ஒட்டினால், வெட்டிய காட்சியின் முதல் முக்கால் விநாடி ஒலி பிரிண்டிலேயே தங்கிவிடும். திரையில் அடுத்த காட்சி வந்திருக்கும், காதில் வெட்டிய காட்சியின் முதல் வார்த்தை விழும். தியேட்டரில் நாங்கள் இதைப் "பேய்ச்சத்தம்" என்போம். உங்கள் கேசட்டின் 7 ஒட்டிலும் ஹெட்போன் மாட்டிக் கேட்டுப் பாருங்கள்.

பைலட் ட்ராக்

ரீல்பெட்டி அண்ணன் சொன்னது நூறு சதவீதம் சரி. நான் டப்பிங் பக்கத்து ஆள். அந்த 25 நிமிடத்தைப் பற்றி மட்டும் ஒரு எச்சரிக்கை. வெட்டிய 18 நிமிடம் டப்பிங், ஆர்.ஆர். எல்லாம் முடிந்த காட்சிகள். விஎச்எஸ்ஸில் இருப்பவை எடிட்டிங்கிலேயே போனவை, அவற்றில் பைலட் ட்ராக், அதாவது டப்பிங்குக்கு உதவியாக ஸ்பாட்டில் எடுத்த ஒலி மட்டும்தான் இருக்கும். ஜெனரேட்டர் சத்தம், உதவி இயக்குநர் பின்னாலிருந்து வசனம் எடுத்துக் கொடுப்பது எல்லாம் கேட்கும். ஹீரோயின் வேறு மொழிக்காரர் என்றால் எண்களைச் சொல்லி வாயசைத்திருக்கவும் கூடும்! சிரிப்பாகத்தான் இருக்கும், ஆனால் அந்த நடிகரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடுங்கள். வசனத்தை சப்டைட்டிலாகக் கொடுத்தால் நல்லது.

இன்னொன்று, இதை விற்கப் போவதில்லையே? விற்பதானால் சென்சார் பார்க்காத காட்சிகளுக்குச் சென்சார் போர்டிடம் சான்றிதழ் வாங்க வேண்டியிருக்கும்.

சாலிகிராமம் மகள்

விற்கவில்லை சார், 40 பேருக்கு மட்டும்தான். ரீல்பெட்டி சார், அப்படியானால் ஒரே டிஸ்க் ஆசையை விட்டுவிடவா? 8.5 ஜிபி டிஸ்க் வாங்கினால் இரண்டு படத்தையும் தனித்தனியாகவே போட்டுவிடலாமா?

ரீல்பெட்டி

கணக்குப் போட்டுப் பாருங்கள் அம்மா. 152, 138, அப்புறம் 25. மொத்தம் 315 நிமிடம். 8.5 ஜிபியில் விநாடிக்கு 3.6 மெகாபிட் வரும், ஸ்டீரியோ ஒலிக்கு 0.2 போனால் படத்துக்கு 3.4. பொதுப் பகுதியை ஒரு தடவை மட்டும் வைத்து அடுக்கினால் 152, காமெடி பிட் 4, அப்புறம் 25, ஆக 181 நிமிடம்தான், படத்துக்கு 6 கிடைக்கும். இந்த வித்தியாசத்துக்காகத்தான் பெரிய ஸ்டூடியோக்கள் அத்தனை பாடுபட்டன.

ஆனால் உங்களிடம் இருப்பது இரண்டு வேறு டெலிசினி, அதாவது பிலிமிலிருந்து வீடியோவுக்குத் தனித்தனியாக மாற்றியவை. ஒன்றில் முகம் கொஞ்சம் பச்சையடித்திருக்கும், இன்னொன்றில் சிவப்பு. பொதுப் பகுதியை எதிலிருந்து எடுத்தாலும், மற்றதிலிருந்து வரும் துண்டு ஒட்டுப் போட்ட வேட்டி மாதிரி தெரியும். விஎச்எஸ் காட்சிகளை நடுவில் செருகும் யோசனை இருந்தால் அதுவும் வேண்டாம். ஒரே தொகுப்புக்குள் படத்தின் அளவும் ஒலியின் வகையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது டிவிடியின் சட்டம், அவற்றைத் தனித் தொகுப்பாகத்தான் வைக்க முடியும்.

அடுத்து, வீட்டில் எழுதும் 8.5 ஜிபி டிஸ்க் இரண்டு அடுக்கு. பழைய பிளேயர்கள் பல அதைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அடுக்கு மாறும் இடத்தில் ஒரு சின்ன நிறுத்தம் வேறு வரும். வெள்ளைக்காரன் படத்தில் அதற்கு இருட்டான ஷாட் தேடி அலைவார்கள். நமக்கு அந்தக் கவலையே இருந்ததில்லை, இடைவேளை கார்டில் போட்டுவிடுவோம். யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை!

40 பிரதிக்கு என் யோசனை: ஒரு உறை, இரண்டு சாதாரண 4.7 ஜிபி டிஸ்க். முதலாவதில் அப்பாவின் 152 நிமிடம் மட்டும், படத்துக்கு 3.9 மெகாபிட் வரும். இரண்டாவதில் 138 நிமிடமும் அந்த 25 நிமிடமும், அதில் 3.6 வரும். இரண்டு பாஸ் என்கோடிங் வையுங்கள், மென்பொருள் படத்தை இரண்டு தடவை ஓட்டிப் பார்த்துச் சுருக்கும். ஒட்டே கிடையாது, எந்த பிளேயரிலும் நிற்காது. டிஸ்க் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் வாங்குவதானால் 50 கட்டு வாங்கி, முதலில் மூன்றை மட்டும் எழுதிச் சோதியுங்கள். எழுதும் வேகத்தைக் குறைத்து வையுங்கள்.

சாலிகிராமம் மகள்

இரண்டு டிஸ்க்தான் என்று முடிவு செய்துவிட்டேன். மூன்று மாதிரி எழுதியாயிற்று, லைட்மேன் மாமா வீட்டிலும் நிற்காமல் ஓடியது. நன்றி சார்.

பேய்ச்சத்தம் விஷயம் சொல்ல வேண்டும். நேற்று இரவு ஹெட்போனோடு உட்கார்ந்து 7 ஒட்டையும் கேட்டேன். நான்கில் வெறும் இசை. ஒன்றில் ஆட்டோ சத்தம். ஒன்றில் கதவு. ஐந்தாவது ஒட்டில், ஹீரோ பஸ்ஸில் ஏறும் ஷாட்டின் மேல் ஒரு பெண் குரல், "ஏய் ராச" என்றதோடு அறுந்துவிடுகிறது. ஏதோ கோளாறு என்று நினைத்து, அதை எடுத்துவிடலாமா என்று கேட்க அப்பாவைக் கூப்பிட்டேன்.

அப்பா மூன்று தடவை போடச் சொன்னார். "ராசாத்தி" என்று கூப்பிடும் காட்சியாம். மகளைத் தேடி வரும் தாயாக ஒரு நாடகக்கார அம்மா நடித்தாராம். அவருடைய மொத்தப் பாத்திரமும் அந்த 18 நிமிடத்தோடு போய்விட்டது. வெட்டிய பிறகு தியேட்டரில் படம் பார்த்தவர்கள் யாருக்கும் அப்படி ஒருவர் நடித்ததே தெரியாது. அவர் இப்போது இல்லை, மகன் போரூரில் இருக்கிறார், எங்கள் 40 பேர் பட்டியலில் இல்லை.

அந்த முக்கால் விநாடியை எடுக்கக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். அதனால் தியேட்டர் பதிப்பில் ஒலியைச் சுத்தம் செய்யும் வேலையை நிறுத்திவிட்டேன். உறை 41 அடிக்கக் கொடுத்திருக்கிறேன்.