பைத்தானில் ஊர்ப்பெயர்களை எண்ண உதவி தேவை

வணக்கம். புதுச்சேரியில் வரலாற்று ஆய்வு செய்கிறேன். பிரெஞ்சு ஆட்சிக்காலத் தமிழ் ஆவணங்களில் எந்த ஊர் எத்தனை முறை வருகிறது என்று எண்ணத்தான் ஜூனிலிருந்து பைத்தான் நிரல்மொழி படிக்கிறேன். என் ஆய்வுக்கே இந்த எண்ணிக்கைதான் அடித்தளம். விண்டோஸ் 11, பைத்தான் 3.11, கோப்புகள் யூடிஎஃப்-8 எழுத்துக் குறியாக்கத்தில் உள்ளன.

முதலில், சொற்களைத் தேடிப் பிரிக்க எழுதிய ரீஜெக்ஸ் (தேடல் வடிவம்) ‘பாகூர்’ என்ற ஊர்ப்பெயரை ப, க, ர என்று உடைத்தது. புள்ளியையும் துணையெழுத்தையும் அது எழுத்தாகவே எடுப்பதில்லை. யூனிகோடில் தமிழ் எழுத்துகளுக்கான குறியெண் எல்லையைக் கொடுத்ததும் சரியானது.

இப்போது வேற்றுமை உருபுகள்தான் சிக்கல். பாகூரில், பாகூருக்கு எல்லாம் தனித்தனி ஊராகின்றன. ‘இல்’ உருபை வெட்டினால் ‘பாகூர’ என்று நிற்கிறது. புள்ளி சேர்க்க விதி எழுதினேன். அப்புறம் ‘புதுச்சேரியில்’ வந்ததும் ‘புதுச்சேரிய்’ ஆகிவிட்டது. ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நூலகத்தை (ஆயத்த நிரல் தொகுப்பு) வைத்து எழுத்துகளைப் பிரித்தும் இது தீரவில்லை.

உருபை நீக்கிப் பெயரை மட்டும் சரியாகத் தரும், சாதாரண மடிக்கணினியில் ஓடும் பைத்தான் நூலகம் எது?