‘ஸ்கில்’லுக்குத் தமிழ்ச்சொல்: ‘திறன்’ வேண்டாமே

கோத்தகிரியிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம்.

சொன்ன வேலையைத் தானே படிப்படியாகச் செய்யும் ஏஐ நிரலான ஏஜென்ட்டுக்கு நாம் எழுதி வைக்கும் ‘ஸ்கில்’ என்ற வழிகாட்டிக் கோப்பைத் ‘திறன்’ என்றே வைத்துவிடலாம் என்று நம் மடற்குழுவில் நேற்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது போலத் தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள்.

திறன் ஏற்கெனவே திறன்பேசியில் உட்கார்ந்திருக்கிறது. செயல்திறனில் இருக்கிறது. அரசு விளம்பரங்களில் திறன் மேம்பாடாகவும் இருக்கிறது. ‘திறன்பேசியில் ஒரு திறனை நிறுவிச் செயல்திறனைக் கூட்டலாம்’ என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள், தெரியும். ‘செயலி’க்கு நடந்ததும் நினைவிருக்கும். ப்ராசஸருக்கும் அதே சொல், ஆப்புக்கும் அதே சொல். இன்றைக்கும் ‘செயலி சூடாகிறது’ என்று எழுதினால் எந்தச் செயலி என்று அடுத்த வரியில் விளக்க வேண்டியிருக்கிறது.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. திறன் என்பது ஆளுக்குள் இருப்பது. நாம் பெயர் தேடுவதோ ஆளுக்கு வெளியே, ஒரு கோப்பில் இருப்பதற்கு. அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

என் கதையைச் சொல்கிறேன். எங்கள் பக்கத்துச் சிறு தேயிலை விவசாயிகள் சிலருக்காகக் கொழுந்துக் கணக்கு நிரல் ஒன்றைப் பராமரித்து வருகிறேன். மழை நாளில் ஈரக் கொழுந்துக்கு எடையில் கழிவு பிடிப்பார்கள். அந்தக் கழிவைப் பிடித்த பிறகுதான் எடையை முழு கிலோவாக்க வேண்டும். முதலில் முழு கிலோவாக்கிவிட்டுக் கழித்தால், விவசாயி தன் நோட்டில் எழுதியதும் நிரல் காட்டுவதும் மாதக் கடைசியில் ஒத்துப்போகாது. அப்புறம் யார் வீட்டு வாசலுக்கு வருவார்கள்? என் வீட்டு வாசலுக்குத்தான்.

நிரல் எழுதும் பைத்தான் மொழியில் ஏஜென்ட் என்னைவிடக் கெட்டி. ஆனால் ஒவ்வொரு புது அமர்விலும், முதல் நாள் வேலைக்கு வந்த பிள்ளை மாதிரி, இந்தக் கழிவுச் சங்கதி அதற்குத் தெரியாது. நான்கு முறை தட்டச்சு செய்து சொன்னேன். ஐந்தாம் முறை ஒரு கோப்பில் எழுதி வைத்தேன். நாம் பெயர் தேடுவது அந்தக் கோப்புக்குத்தான். தொழில் தெரிந்த, ஆனால் நம் வீட்டு வழக்கம் தெரியாத ஒருவருக்கு எழுதி வைக்கும் சீட்டு.

அது வேலை செய்யும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன், சொல்லைத் தேர்ந்தெடுக்க உதவும். ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனம் 2025 அக்டோபரில் இந்த ஏற்பாட்டை வெளியிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் பிறரும் பின்பற்றத் திறந்த தரமாக்கியது. ஒரு கோப்புறை, அதற்குள் ‘ஸ்கில்.எம்டி’ என்று ஒரு கோப்பு. கோப்பின் தலையில் ஒரு பெயரும் ஒரு விளக்கமும். பெயர் 64 எழுத்துக்குள், விளக்கம் 1024 எழுத்துக்குள் இருக்க வேண்டும். ஏஜென்ட் வேலை தொடங்கும்போது இந்தத் தலைப்பகுதியை மட்டும்தான் பார்க்கிறது. கையில் இருக்கும் வேலைக்கு அது பொருந்துகிறது என்று தோன்றினால்தான் கோப்பின் உள்ளே போகிறது. கூடவே வைத்திருக்கும் துணைக் கோப்புகளையும் சிறு நிரல்களையும் இன்னும் தேவைப்பட்டால் மட்டுமே தொடும். இருபது கோப்புறைகள் வைத்திருந்தாலும் அதன் மண்டை கனக்காமல் இருப்பது இதனால்தான்.

நான் முதலில் எழுதிய விளக்கம் ‘எடை தொடர்பானது’. ஏஜென்ட் அந்தக் கோப்பைத் திறக்கவே இல்லை. ‘கொழுந்து எடை, ஈரக் கழிவு, பட்டுவாடா ஆகியவற்றைக் கணக்கிடும் எந்த வரியைத் திருத்தும் முன்பும் இதைப் படி’ என்று மாற்றினேன். அன்றிலிருந்து ஒழுங்காகத் திறக்கிறது. உள்ளே இருந்த நாற்பது வரிகளில் ஒன்றைக்கூட மாற்றவில்லை.

குன்னூர் அக்கா ‘ஸ்கில்’லுக்குச் சொன்ன ‘பக்குவம்’ கேட்பதற்கு இனிமைதான். என் பெரியப்பா தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் இடத்தில் இருந்தவர். வாடிய கொழுந்தை ஒரு கை அள்ளி, இறுக்கிப் பிடித்து, விரலைத் திறப்பார். உருண்டை அப்படியே நின்றால் சரி. விரிந்துகொண்டால் இன்னும் ஆகவில்லை. எப்படி என்று கேட்டால், ‘கையில எடுத்துப் பாரு, தெரியும்’ என்பதோடு முடிந்தது. பக்குவம் எழுத்தில் நிற்காது, அக்கா. இதுவோ எழுதினால் மட்டுமே இருப்பது.

ஆகவே என் பரிந்துரை: செய்குறிப்பு. சமையல் குறிப்பு எல்லோருக்கும் தெரியும், அதே குறிப்புதான். செய்முறையைப் போல இதுவும் வினைத்தொகை, எனவே நடுவில் ‘க்’ போட்டுவிடாதீர்கள். செய்குறிப்பு எழுது, செய்குறிப்பை நிறுவு, செய்குறிப்புத் தொகுப்பு என்று எல்லா இடத்திலும் மடங்கிக் கொடுக்கிறது. ‘ஏஜென்ட்ஸ்.எம்டி’ போல ஒவ்வொரு அமர்வின் தொடக்கத்திலும் முழுதாகப் படிக்கப்படும் கோப்புக்கு நிலைக்குறிப்பு. நாம் அவ்வப்போது தட்டச்சு செய்யும் ‘ப்ராம்ட்’டுக்கு ஏவல். எப்போது படிக்கப்படுகிறது என்பதில்தான் மூன்றுக்கும் வேறுபாடு.

கூடலூரிலிருந்து:

தம்பி, சுருக்கமாகச் சொல்கிறேன். ‘ஏவல்’ வேண்டவே வேண்டாம். ஏவல், பில்லி, சூனியம் என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லும் ஊர் நம்முடையது. ‘ஏஜென்ட்டுக்கு ஏவல் வைத்தேன்’ என்று என் அம்மாவிடம் சொன்னால் மந்திரித்துவிடக் கிளம்பிவிடுவார். அந்த ஏஜென்ட்டும் நம் மலையில் யார்? தோட்டம் தோட்டமாக வந்து கொழுந்தை எடை போட்டு வாங்கிப்போகிறவர். ‘ஏஜென்ட் கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டது’ என்று நீங்கள் எழுதினால், இங்கே பாதிப் பேர் ‘இது என்ன புதுச் செய்தி’ என்பார்கள். முகவர் என்றாலோ காப்பீட்டுக்காரர். இதற்கு ஒரு வழி சொல்லுங்கள்.

அப்புறம், புதிதாக எதற்கு? ‘செய்முறை’ என்றே விட்டுவிட்டால் என்ன?

குன்னூரிலிருந்து:

செய்முறை என்றால் மதுரைப் பக்கம் கல்யாணத்துக்கு வைக்கும் மொய். பள்ளிக்கூடத்தில் செய்முறைத் தேர்வு. அது வேண்டாம்.

கோத்தகிரித் தம்பிக்கு. குறிப்பு என்றால் வெளிப்படையாகச் சொல்லாததும்தான். குறளில் ‘குறிப்பறிதல்’ என்ற பெயரிலேயே இரண்டு அதிகாரங்கள், 71ஆவதும் 110ஆவதும். இரண்டிலும் பேச்சு, வாய் திறந்து சொல்லாததைப் புரிந்துகொள்வது பற்றி. உங்கள் கோப்போ எல்லாவற்றையும் உடைத்துச் சொல்ல வேண்டியது. இப்படி நேர் எதிரான பொருள் உள்ள சொல்லையா எடுப்பது?

பக்குவத்தையும் அவ்வளவு சீக்கிரம் தள்ளிவிடாதீர்கள். உங்கள் பெரியப்பா கையோடு போனதை அடுத்தவருக்கு எழுதி வைக்கத்தானே இந்தக் கோப்பு? ‘கழித்த பிறகு முழு கிலோவாக்கு’ என்பது விதி. ‘இல்லையென்றால் விவசாயியின் நோட்டோடு ஒத்துப்போகாது’ என்பது பக்குவம். இரண்டாவது வரியை எழுதினீர்களா, இல்லையா?

கோத்தகிரியிலிருந்து:

அக்கா, எழுதவில்லை. நேற்று இரவுதான் சேர்த்தேன். சேர்த்த பிறகு, நான் கேட்காமலே, பட்டுவாடாச் சீட்டு அச்சிடும் பகுதியிலும் அதே வரிசை தப்பாக இருப்பதை ஏஜென்ட் எடுத்துக் காட்டியது. அந்த இடம் கோப்பில் எங்கேயும் இல்லை. காரணம் தெரிந்ததால் கண்டுபிடித்திருக்க வேண்டும். ஆக, பக்குவம் எழுத்தில் நிற்காது என்று நான் சொன்னதைப் பாதி திரும்பப் பெறுகிறேன். ஆனாலும் கோப்புக்குப் பெயராக அதை வைக்க மனம் வரவில்லை. ‘பக்குவம் நிறுவப்பட்டது’ என்று திரையில் வந்தால் சிரிப்பு வந்துவிடும்.

குறிப்பறிதல் பற்றி நீங்கள் சொன்னது வேறொரு இடத்தில் பொருந்துகிறது. கோப்பின் தலையில் இருக்கும் விளக்கத்துக்குப் பெயர் இல்லாமல் இருந்தோம். நான் ‘தலைவரி’ என்று நினைத்து வைத்திருந்தேன். அது பழைய காலத்தில் ஆள் கணக்குக்கு வாங்கிய வரி என்று வீட்டிலேயே சொல்லிவிட்டார்கள். அதை ‘முகக்குறிப்பு’ என்று வைத்தால் என்ன? முகத்தைப் பார்த்தே உள்ளே போகலாமா வேண்டாமா என்று முடிவு செய்வது போலத்தானே ஏஜென்ட்டும் செய்கிறது. உடைத்துச் சொல்வது செய்குறிப்பில், பார்த்துப் புரிந்துகொள்வது முகக்குறிப்பில். உங்கள் இரண்டு அதிகாரங்களுக்கும் இடம் கிடைத்துவிட்டது.

ஏவலைக் கைவிடுகிறேன், கூடலூர் அண்ணா. இப்போதைக்குத் ‘தூண்டுரை’ என்று எழுதிக்கொள்வோம், பிடிக்காதவர்கள் சொல்லட்டும். ஏஜென்ட் ஏஜென்ட்டாகவே இருக்கட்டும். இங்கே மலை ரயிலை யாரும் தொடர்வண்டி என்று சொல்வதில்லை, அதனால் தமிழுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. நிலைக்குறிப்புக்கு யாரும் மறுப்புச் சொல்லாததால் அதைப் பட்டியலில் ஏற்றிவிட்டேன். ஏஜென்ட் தன் வேலையில் ஒரு பகுதியைப் பிரித்துக் கொடுக்கும் இன்னொரு ஏஜென்ட்டான ‘சப்ஏஜென்ட்’ என்று ஒன்று மிச்சம் இருக்கிறது, அதைத் தனி மடலில் எடுத்துக்கொள்வோம்.