பச்சைத் தண்ணீர் வேண்டாம், வேறு சொல் சொல்லுங்கள்

ஆசிரியை, பட்டர்வொர்த், மலேசியா — செவ்வாய் இரவு 10:40

மடற்குழுவில் எல்லாருக்கும் வணக்கம். என் வகுப்புக்கான கையேடு வியாழன் மாலை அச்சகத்துக்குப் போக வேண்டும். பன்னிரண்டு பக்கத்தில் பதினொன்று முடிந்துவிட்டது. ஒரு சொல்லில் வந்து நிற்கிறேன்.

என் ஞாயிற்றுக்கிழமை வகுப்பைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். மீன்கூண்டுகளுக்குப் போய்வரும் படகுகளில் வேலை பார்க்கும் பையன்கள், கூடவே இரண்டு பெண்கள். எல்லாரும் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள். உள்ளே பொருத்திய டீசல் என்ஜின் சூடேறினால் முதலில் எங்கே கை வைப்பது என்று சொல்லித் தருகிறோம். இந்த என்ஜினில் இரண்டு தண்ணீர் ஓடுகிறது. ஒன்று, காரில் இருப்பது போல மூடிய சுற்றிலேயே சுற்றிவரும் கூலண்ட். மற்றது, படகின் அடியில் உள்ள வால்வு வழியாக உறிஞ்சப்பட்டு, வடிகட்டி, பம்பு, கூலண்டின் சூட்டை வாங்கும் வெப்பப் பரிமாற்றி எல்லாம் கடந்து, கடைசியில் புகையோடு கலந்து பின்பக்கம் துப்பப்படுவது. இந்த இரண்டாவதைத்தான் புத்தகங்கள் 'ரா வாட்டர்' என்கின்றன.

போன பருவத்தில் இதை நான் 'பச்சைத் தண்ணீர்' என்று எழுதினேன். பச்சைக் காய்கறி, பச்சை முட்டை என்கிறோமே, அந்தக் கணக்கில். போன மாதம் ஒரு படகின் பின்பக்கம் தண்ணீர் துப்பாமல் வெறும் வெள்ளை ஆவியாக வந்தது. "பச்சைத் தண்ணி வருதான்னு பாரு" என்றேன். பையன் ஓடிப்போய்க் கூலண்ட் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, "இருக்கு டீச்சர், ஃபுல்லா இருக்கு" என்றான். கூலண்ட் நல்ல பச்சை நிறம். அவன்மேல் குற்றமே இல்லை. அதற்குள் பம்பு வறட்டு ஓட்டம் ஓடி, உள்ளே ரப்பர் கருகிவிட்டது. வடிகட்டியைத் திறந்தால் ஒரு பிளாஸ்டிக் பை.

'கடல்நீர்' என்று போட்டுவிடலாமே என்பீர்கள். இதே படகுகள் பிறை ஆற்றுக்குள்ளும் போகின்றன. சொல்லுங்கள்.

*

புலவர் ஐயா, ஆயர் ஈத்தாம் — புதன் காலை 5:15

அம்மா, விடை நம் வீட்டிலேயே இருக்கிறது. நம் இலக்கணம் உலகத்தையே இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது: அகம், புறம். சுற்றுக்குள்ளே ஓடுவது அகநீர். வெளியிலிருந்து வந்து வெளியே போவது புறநீர். புறநீர் வடிகட்டி, புறநீர்ப் பம்பு, புறநீர் வால்வு என்று பெயர்கள் தாமே கிளைத்து வரும். நல்ல கலைச்சொல்லுக்கு அதுதான் அடையாளம்.

முதலில் எனக்குத் தோன்றியது 'முந்நீர்'. ஆற்றுநீர், ஊற்றுநீர், மழைநீர் மூன்றும் சேர்வதால் கடலுக்கு அந்தப் பெயர் வந்தது என்பார்கள். ஆக்கல், காத்தல், அழித்தல் என்ற மூன்று தன்மையால் வந்தது என்பாரும் உண்டு. மூன்றாவது தன்மை உங்கள் என்ஜினுக்கும் பொருந்துகிறது. படகு ஆற்றில் இருந்தாலும் கடலில் இருந்தாலும் அந்தச் சொல் பொய்யாகாது என்று இரவு முழுவதும் யோசித்தேன். ஆனால் முந்நீரோடு 'பெண்ணைக் கூட்டிக்கொண்டு கடல் கடக்கும் வழக்கம் இல்லை' என்ற தொல்காப்பிய விதியும் ஒட்டிக்கொண்டு வருகிறது. உங்கள் வகுப்பில் பெண்கள் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அதனால் விட்டுவிட்டேன்.

பிறை என்ற ஊர்ப்பெயரும் ஆறு பிறைபோல் வளைவதால் வந்திருக்கலாம் என்பது என் எண்ணம். அதைத் தனி மடலில் எழுதுகிறேன்.

*

மொழிபெயர்ப்பாளர், கோலாலம்பூர் — புதன் காலை 9:02

தயவுசெய்து தனி மடல் வேண்டாம் ஐயா. மலாய்ப் பெயரை நம்மவர்கள் காதில் விழுந்தபடி எழுதியதுதான் பிறை. அதற்கும் நிலாவுக்கும் சம்பந்தமில்லை.

டீச்சர், அந்தப் பிள்ளைகள் வேலையிடத்தில் என்ன சொல்கிறார்கள்? மலாயில் 'ஆயர் லாவுட்', கடல் தண்ணீர், என்றுதானே? அப்படியே போட்டுவிடுங்கள். மலாய்க்காரர்கள் நம்மிடமிருந்து கப்பலையும் கடையையும் குளத்தையும் எடுத்துக்கொண்டு எந்த மடற்குழுவிலும் சண்டை போடவில்லை. இரண்டு சொல்லைத் திருப்பி வாங்கினால் கணக்கு சரியாகும்.

*

புலவர் ஐயா — புதன் காலை 9:20

முதல் உலகத் தமிழ் மாநாடு 1966-இல் நடந்தது உங்கள் கோலாலம்பூரில்தான், தம்பி.

*

மொழிபெயர்ப்பாளர் — புதன் காலை 9:21

அப்போது நான் பிறக்கவில்லை ஐயா.

*

பட்டறை அண்ணன், ஜெலுத்தோங் — புதன் மதியம் 1:30

சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் மன்னிக்கவும்.

புறநீர் நன்றாகத்தான் இருக்கிறது. சிக்கல் அகநீரில். படகுக்குள் இருக்கும் தண்ணீர் என்றால் எங்களுக்கு ஒன்றுதான்: அடியில் தேங்கி நிற்பது, இறைத்து ஊற்ற வேண்டியது. 'அகநீர் மட்டம் சரியாக உள்ளதா பார்' என்று எழுதினால் பையன் அடிப்பலகையைத் தூக்கிப் பார்ப்பான். அங்கே தண்ணீர் இருந்தால் சந்தோஷப்படவும் செய்வான்.

இன்னொன்று. பழைய என்ஜின் சிலவற்றில் கூலண்டே கிடையாது, கடல் தண்ணீர்தான் பிளாக்குக்குள் ஓடும். அவற்றின் தெர்மோஸ்டாட் 60 டிகிரி பக்கத்திலேயே திறந்துவிடும், ரொம்பச் சூடானால் உப்பு உள்ளே படியும் என்பதற்காக. அங்கே ஐயாவின் புறநீர் அகத்துக்குள் அல்லவா ஓடுகிறது?

பம்புக்குள் சுழலும் இம்பெல்லருக்கும் டீச்சர் சொல் தேடிக்கொண்டிருந்தார். தேட வேண்டாம், நாங்கள் 'ரப்பர் பூ' என்போம். போன வாரம் ஒரு பம்பு மூடியைக் கழற்றினேன். ஆறு இதழில் மூன்றைக் காணோம். புதுப் பூவை மாட்டி அனுப்பிவிட்டால் காசு உடனே கிடைக்கும், படகும் பத்து நாளில் திரும்பி வரும். உடைந்த இதழ் காற்றிலா கரையும்? வெப்பப் பரிமாற்றியின் முனை மூடியைத் திறந்தேன். சின்னக் குழல்களின் வாயில் இரண்டு துண்டு ஒட்டிக்கொண்டிருந்தன. மூன்றாவது அதற்கு முந்திய குழாய் வளைவில் மடிந்து கிடந்தது, நீண்ட கம்பியை வளைத்து விட்டுத்தான் எடுத்தேன். மூன்றையும் பழைய பூவோடு மேசைமேல் பொருத்தி, முழுசாகிறதா என்று பார்த்த பிறகுதான் மூடினேன். இந்தக் கதையில் 'இதழ்' என்று சொன்னதும் உங்களுக்குப் புரிந்ததில்லையா? அவ்வளவுதான் கலைச்சொல்.

அப்புறம் ஒரு வரி. எந்தச் சொல் வைத்தாலும் இது கையேட்டில் இருக்க வேண்டும். என்ஜின் பிடிக்காமல் திரும்பத் திரும்ப ஸ்டார்ட்டரை முறுக்கினால் பம்பு தண்ணீரைத் தள்ளிக்கொண்டே இருக்கும், அதை வெளியே ஊதித் தள்ளப் புகை இருக்காது. சைலன்சர் நிறைந்து, தண்ணீர், புகையோடு அது சேரும் வளைவான எல்போ வழியாகப் பின்னால் ஏறி சிலிண்டருக்குள் போய்விடும். இரண்டு மூன்று முறைக்கு மேல் முறுக்குவதாக இருந்தால் அடிவால்வை மூடு, என்ஜின் பிடித்த உடனே திற. திறக்க மறந்தால் பூ போய்விடும். இந்த வரியை ஒருவன் முன்னால் நின்று கத்த, இன்னொருவன் பின்னால் என்ஜின் சத்தத்தில் கேட்க வேண்டும். என் வேலைக்காரப் பையனை வைத்து 'புறநீர்' என்று கத்திப் பார்த்தேன். அவன் "பெரியவரா, எங்கே?" என்றான்.

*

புலவர் ஐயா — புதன் மாலை 4:45

பட்டறைத் தம்பியின் 'இதழ்' அருமை. 'பூ' மட்டும் போதாது, 'இதழ்ச்சக்கரம்' என்று எழுதுங்கள்.

அகநீரைக் கைவிடுகிறேன். புறநீரை விடமாட்டேன். காது கேளாத ஒருவருக்காகச் சொல்லை மாற்ற முடியாது.

எல்போவைப் பற்றி யாரும் பேசவில்லை. புகையும் புறநீரும் சேரும் அந்த வளைவுக்குச் 'சேர்முழங்கை' என்று வையுங்கள். வினைத்தொகை. சேர்ந்த முழங்கை, சேர்கின்ற முழங்கை, சேரும் முழங்கை என்று மூன்று காலத்துக்கும் பொருந்தும். 'கூடுகுழாய்' என்றும் வைக்கலாம், ஆனால் அச்சுக்கோப்பவர் நடுவில் ஒரு 'க்' போட்டுவிட்டால் வினைத்தொகை போய், குருவிக் கூடு வந்துவிடும். ஊறுகாயில் யாராவது 'க்' போடுகிறார்களா?

*

மொழிபெயர்ப்பாளர் — புதன் மாலை 5:10

எல்போவுக்கு மலாயில் 'சிக்கு'. கரியும் உப்பும் துருவும் படிந்து அடைத்துக்கொள்ளும் இடம் அதுதான் என்று கேள்விப்பட்டேன். தமிழிலும் சிக்கு என்றால் சிக்குதானே. இதைவிடப் பொருத்தமான சொல்லை எந்தப் புலவரும் உருவாக்க முடியாது. நான் விளையாட்டாகச் சொல்லவில்லை.

*

பட்டறை அண்ணன் — புதன் மாலை 5:32

உண்மைதான் லா. அடைத்துவிட்டால் கரும்புகை வரும், வேகம் ஏறாது, சூடும் ஏறும். ஆட்கள் இன்ஜெக்டரை மாற்றுவார்கள், டீசலை மாற்றுவார்கள். கடைசியில் எல்போவைக் கழற்றிப் பார்த்தால் சுண்டுவிரல் நுழையும் அளவுதான் ஓட்டை இருக்கும். ஆனால் 'சிக்கைக் கழற்று' என்றால் என் வீட்டம்மா சீப்பை எடுத்துக் கொடுப்பாள்.

*

ஆசிரியை — வியாழன் மதியம் 12:15

நேற்று இரவு வகுப்புப் பிள்ளைகளின் வாட்ஸ்அப்பில் கேட்டேன். விளக்கம் எதுவும் தரவில்லை. 'புறநீர் வரவில்லை என்றால் எங்கே பார்ப்பாய்?' என்று நாலு பேருக்கு, 'வெளித்தண்ணீர் வரவில்லை என்றால்?' என்று நாலு பேருக்கு. வெளித்தண்ணீர் என்று கேட்ட நாலு பேரும் அடிவால்வு, வடிகட்டி என்று சரியாகத் தொடங்கினார்கள். புறநீரில் இரண்டு பேர் சரி. ஒருவன், "மழைத் தண்ணியா டீச்சர்?" இன்னொருவன் படித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டான்.

எட்டுப் பேரை வைத்து மொழியைத் தீர்மானிக்கக் கூடாது என்று ஐயா சொல்வார் என்று தெரியும். எனக்கு இன்று மாலை அச்சகம். அதனால்: வெளித்தண்ணீர், முதல் பக்கத்தில் மட்டும் 'ஆயர் லாவுட் என்று சொல்வது இதுதான்' என்று ஒரு வரி. கூலண்ட் கூலண்டாகவே இருக்கும். இம்பெல்லருக்கு இதழ்ச்சக்கரம், பக்கத்தில் ரப்பர் பூ. எல்போ எல்போதான். சேர்முழங்கை எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் கடையில் போய் அதைக் கேட்டு வாங்கப் போவது நான் இல்லை. அண்ணன் சொன்ன ஸ்டார்ட்டர் எச்சரிக்கையைக் கட்டம் கட்டிப் போட்டுவிட்டேன்.

முந்நீர் விதி எனக்கும் தெரியும் ஐயா. ஐந்து நிமிடத்தில் வடிகட்டியைக் கழற்றிக் கழுவி மாட்டுவது அந்த இரண்டு பெண்களில் ஒருத்திதான். பையன்களில் யாருக்கும் இன்னும் அந்த வேகம் வரவில்லை.

*

புலவர் ஐயா — வியாழன் மதியம் 12:50

'வெளித்தண்ணீர்' என்பதில் நடுவில் 'த்' விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய வழக்கில் வெளி என்றால் வெட்டவெளி, வானம். அந்த மழைத்தண்ணீர்ப் பையன் உண்மையில் நம் மரபுக்கு மிக அருகில் இருக்கிறான் என்பது யாருக்கும் தோன்றவில்லை. எனக்கு ஒரு படி அனுப்புங்கள். நான் பென்சிலால் புறநீர் என்று திருத்தி வைத்துக்கொள்கிறேன்.

*

பட்டறை அண்ணன் — வியாழன் மாலை 6:05

எனக்கு நாலு படி டீச்சர். எண்ணெய்க் கை படும், அந்த எச்சரிக்கைப் பக்கத்தை மட்டும் லேமினேட் செய்து கொடுங்கள்.